நாளுக்கு ஒரு முழம்

கப்டன் ஹெட்டிகொடவைக் கொல்வதற்கென்று சுடப்பட்ட துப்பாக்கிச் சன்னம், மாசி மாதத்து வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பனங்கூடலுக்குள் இருந்து புறப்பட்டு, கலட்டிமுனைச் சந்தியின் சோதனைச்சாவடி வரைக்கும் எல்லாச் சன்னங்களையும் போல வேகமாகத்தான் வந்தது; அங்கே அவருடைய நெஞ்சுக்கு நாலு முழம் இருக்கும்போது என்ன நினைத்ததோ, வேகத்தைக் குறைத்து, மாட்டுவண்டியிலும் மெதுவாகி, நத்தையிலும் மெதுவாகி, கடைசியில் நாளுக்கு ஒரு முழம் என்ற அளவுக்கு வந்து நின்றுகொண்டது. அந்த அளவை அது பிறகு ஒரு நாளும் தானாகத் தவறவில்லை. ஏன் அப்படி என்று ஊரில் யாரும் தலையைப் போட்டு உடைக்கவில்லை. கலட்டிமுனைக்கு எல்லாமே அப்படித்தான் வந்துகொண்டிருந்தன: தபால் மூன்று மாதம், மண்ணெண்ணெய் ஐந்து மாதம், சமாதானம் இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று பதினொரு வருடம். சன்னம் மட்டும் சொன்ன நேரத்துக்கு வரவேண்டும் என்று என்ன சட்டமா இருக்கிறது.

அந்த நேரத்தில் கப்டனுக்கு முன்னால் நின்றவர் குலசேகரம், ஊருக்கு வேலி அடைக்கிறவர். தோளில் ஒரு கட்டுக் கதியால், அதாவது வேலிக்கு நடுகிற பச்சைத் தடி, நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும். கையில் அடையாள அட்டை. கப்டன் அட்டையில் இருந்த முகத்தையும் ஆளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. சிப்பாய்கள் சுற்றிவரப் பார்த்தார்கள். தோளில் நீளமாக ஏதோ வைத்திருந்த ஆள் அங்கே ஒருவர்தான். கொத்தாகப் பிடித்து ட்ரக்கில் ஏற்றிவிட்டார்கள். இவன் இல்லை, இவன் என் கண்ணுக்கு முன்னால் அட்டையோடு நின்றவன் என்று கப்டன் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் நெஞ்சுக்கு நேரே ஒரு சன்னம் அந்தரத்தில் நிற்கிறபோது மனிசனுக்கு உடனே வாய் வராது. வாய் வர ஒரு மணித்தியாலம் ஆனது. அதற்குள் ட்ரக் பெரிய முகாமுக்குப் போய்விட்டது; அங்கே குற்றப்பத்திரிகையில் கப்டனைக் கொலை செய்தவர் குலசேகரம் என்று எழுதி, முத்திரையும் குத்தி முடித்துவிட்டார்கள்.

குலசேகரத்தின் மனைவி தவமலர், அடுப்பில் வைத்த உலையை இறக்காமலே ஓடி வந்தாள். ட்ரக் போன தூசிதான் மிஞ்சியிருந்தது. தூசிக்கு நடுவில் சன்னமும், கப்டனும், புருஷனின் அளவுக்கயிறும் கிடந்தன. அழுவதற்கு முன்னால் அவள் கயிற்றை எடுத்துச் சன்னத்துக்கும் கப்டனுக்கும் நடுவில் பிடித்து அளந்தாள். இருபது வருடம் வேலிக்காரனோடு குடும்பம் நடத்தியவளுக்கு, விளங்காத எதைக் கண்டாலும் முதலில் அளக்கத்தான் வரும். அடுத்த நாள் காலையும் வந்து அளந்தாள், ஒரு முழம் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் இன்னொரு முழம். கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு அவள் போட்ட யோசனை எளிமையானது: முழம் முடிந்தால் கப்டன் முடிவார், கப்டன் முடிந்தால் சாட்சி முடியும், சாட்சி முடிந்தால் குலசேகரம் முடிவார். ஆகவே முழம் முடியக்கூடாது.

கலட்டிமுனைக்காரரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த ஊரில் நின்ற இடத்தில் நிற்கிற வேலி ஒன்றுமே கிடையாது. அயலான் கண்ணயர்ந்தால் கதியாலைப் பிடுங்கி நாலு விரல் தள்ளி நடுவது பரம்பரை வழக்கம். மறுநாள் அயலான் ஐந்து விரல் திருப்பித் தள்ளுவான். இப்படித் தள்ளித் தள்ளியே அண்ணன் தம்பி மூன்று தலைமுறை முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு விசுவலிங்கத்துக்கும் அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி பொன்னுத்தங்கத்துக்கும் நடுவில் கிடந்த பன்னிரண்டு அங்குல மண்ணுக்கு எழுபது வருடமாக வழக்கு. வழக்கைத் தொடங்கியவர்களின் பேரன்மார் கிழவராகிவிட்டார்கள், பன்னிரண்டு அங்குலம் அப்படியே கிடந்தது. ஊரில் யார் சொன்ன அளவையும் யாரும் நம்புவதில்லை, குலசேகரமும் தவமலரும் சொல்கிற அளவைத் தவிர. அந்த வீட்டுக் கயிறு பொய் சொன்னதில்லை. ஆக, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருகிற ஒன்றைச் சமாளிக்கத் தெரிந்த ஊர் இந்த உலகத்தில் உண்டென்றால் அது கலட்டிமுனைதான்.

முதலில் ஆமிக்காரர் தங்கள் முறையில் செய்து பார்த்தார்கள். மணல்மூட்டை அடுக்கினார்கள், சன்னம் ஒரு பக்கத்தால் நுழைந்து இரண்டாம் நாள் மறுபக்கத்தால் வந்தது. இரும்புத் தகடு வைத்தார்கள். தகட்டில் வட்டமாக ஒரு துளை, அவ்வளவுதான். ஒரு தடித்த சிப்பாய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கினான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் தொங்கிக்கொண்டே ஆறு அங்குலம் பயணம் செய்துவிட்டு, பசி தாங்காமல் இறங்கினான். பிறகு கப்டனை ஜீப்பில் ஏற்றி வேறு பக்கமாகக் கொண்டுபோகப் பார்த்தார்கள். ஜீப் திரும்பின மாத்திரத்தில் சன்னமும் மூக்கைத் திருப்பி, ஒரு விசில் அடித்து, ஒரே மூச்சில் ஒரு முழம் பாய்ந்தது. ட்ரைவர் பயந்து ஜீப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டான். நாலு முழத்தில் இரண்டு முழம் விஷயம் தெரியாமல் நின்றதிலேயே போனது, ஒரு முழம் ஜீப்பில் போனது, மிச்சம் ஒரு முழம். பக்கவாட்டில் விலகினால் அதற்குக் கோபம் வருகிறது, நேர் பின்னால் போனால் மரியாதையாக நாளுக்கு ஒரு முழம் வருகிறது என்று தவமலர் கண்டுபிடித்துச் சொன்னாள். சந்தியிலிருந்து நேர் பின்னால் போனால் கடல். கடலுக்கு இருநூற்று அறுபத்தெட்டு முழம் என்றும் அளந்து சொன்னாள்.

ஆனால் தலைமையகம் ஒத்துக்கொள்ளவில்லை. காலாட்படை அதிகாரி காவலிடத்தை விட்டுப் பின்வாங்கினால் அது தப்பியோடிய குற்றம் என்று கம்பியில்லாத் தந்தியில் பதில் வந்தது. சட்டம் அறிந்தவர் ஊரில் விசுவலிங்கம் ஒருவர்தான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வழி சொன்னார். கப்டன் காவலிடத்தை விட்டுப் போகவேண்டாம், காவலிடம் கப்டனோடு போகட்டும். அதற்குப் பெயர் பின்வாங்கல் அல்ல, பின்புறமாக முன்னேறுதல். தலைமையகத்துக்கு அந்த வசனம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வேறு இரண்டு முகாம்களுக்கும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பினார்கள் என்று கேள்வி.

ஆகவே தினமும் விடியக் காலையில் சாவடியை ஒரு முழம் பின்னால் நகர்த்தவேண்டும்: மணல்மூட்டை, தார்ப்பீப்பாய், தடைமரம், கப்டன் உட்காருகிற கதிரை, கொடிக்கம்பம், எல்லாம். ஏழு சிப்பாய்களுக்கு அது பெரிய பாடு. கோயில் திருவிழாவுக்கு நாள் பிரித்து ஒவ்வொரு வீடும் ஒரு நாளைப் பொறுப்பெடுப்பது போல, இதற்கும் உபயம் வைத்தால் என்ன என்று தவமலர் கேட்டாள். கப்டன் செத்தால் சுற்றிவளைப்பு வரும், வீடு எரியும், இருக்கிற ஆண்பிள்ளைகளையும் ஏற்றிப்போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சண்டை வந்தது வேறு விஷயத்தில். வெள்ளிக்கிழமை எங்களுக்குத்தான் என்று ஆறு வீடு அடிபட்டது. போன தரம் தார்ப்பீப்பாயை நாங்கள் தூக்கினோம், இந்தத் தரம் கொடிக்கம்பம் தராவிட்டால் வரமாட்டோம் என்று இரண்டு வீடு கோபித்துக்கொண்டு போய், வெற்றிலை வைத்து அழைத்த பிறகு வந்தது. பூரணை நாள் உபயகாரர் நாதஸ்வரம் பிடித்து வந்து, தடைமரத்தை ஆடி ஆடித் தூக்கிப்போனதைப் பார்த்து இளம் சிப்பாய் ஒருவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சன்னத்தையும் ஊர் மெல்ல மெல்ல ஊராளாக்கிக்கொண்டது. அதைத் தாண்டுகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிப் போனார்கள். யாரோ ஒரு செவ்வாய்க்கிழமை குங்குமம் வைத்தார்கள். ஊர்ச் சாத்திரியார் அது பிறந்த நாள் நேரத்தைக் கேட்டுச் சாதகம் எழுதி, செவ்வாய் உச்சம், வெளிநாட்டு யோகம் உண்டு, கலியாணம் பிந்தித்தான் என்று பலன் சொன்னார். களவு போன கோழிக்கு அதைத் தொட்டுச் சத்தியம் கேட்டார்கள். இயக்கத்துக்காரரிடம் இது உங்கள் வேலையா என்று யாரோ மறைமுகமாகக் கேட்டதற்கு, அறிக்கை எழுதி முடிந்தது, திகதி மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறது என்று பதில் வந்ததாம். சுட்ட ஆள் யார் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. அவர் வந்து பார்த்து வெட்கப்பட்டுப் போனதாகவும் ஒரு கதை உண்டு.

கப்டனுக்கு இருபத்தொன்பது வயது. தெற்கே ஒரு நெல்வயல் கிராமத்துக்காரர். வந்த புதிதில் ஊருக்கு அவர் தொப்பியும் துவக்கும் அதட்டலும்தான். கையெழுத்துக் கேட்டுப் போன கிழவர்களை வெயிலில் நிறுத்தி வைத்தவர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நெஞ்சுக்கு ஒரு முழத்தில் சன்னத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை நாளைக்கு அதட்டலாம். காலையில் அளக்க வருகிற தவமலரிடம் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினார். அந்த ஒரு கேள்விக்காகத் தமிழில் எண் படித்தார். எண்ணுக்குப் பிறகு சொல்லும், சொல்லுக்குப் பிறகு கதையும் வந்தது. தன் ஊரில் வயல்வரம்பை அடுத்த வயல்காரர் ஒவ்வொரு போகமும் மண்வெட்டியால் விரற்கடை செதுக்குவார் என்றும், அந்த நாட்களில் தன் அப்பா சண்டை பிடிக்காமல், பேசாமல் போய் வரம்பின் மேலே நாள் முழுக்க நின்றுகொள்வார் என்றும், மனிசன் நிற்கிற இடத்தில் மண்வெட்டி விழாதல்லவா என்றும் சொன்னார். தவமலருக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது; புருஷனை ஏற்றிக்கொண்டுபோன ஆமியின் முன்னால் சிரித்துவிட்டோமே என்று வீட்டுக்குப் போய் அழுகையும் வந்தது. அதுவரைக்கும் சிங்களத்தில் மரியாதைக்கு மாத்தையா என்று கூப்பிட்டவள், அதற்குப் பிறகு தன்னை அறியாமலே தம்பி என்று கூப்பிட்டாள்.

வைகாசியில் சாவடி பொன்னுத்தங்கத்தின் குசினிக்குள் நுழைந்தது. நேர் கோட்டில் குசினி கிடந்தால் கப்டன் என்ன செய்வார். ஒன்பது நாள் அந்தக் குசினி அரசாங்கத்தின் சோதனைச்சாவடியாக இருந்தது. பொன்னுத்தங்கம் அரிசி எடுக்க அடையாள அட்டை காட்டவேண்டும், அம்மிக்குப் போய்வர இரண்டு தரம் காட்டவேண்டும். மூன்றாம் நாள் அவள் பொறுமை இழந்து, அட்டையை உப்புச் சிரட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் கொழுவிவிட்டு, என் குசினியில் என்னைச் சோதிக்கிறவர்கள் வெங்காயம் உரிக்கலாம் என்று சொல்லிவிட்டாள். ஏழு சிப்பாயும் உரித்தார்கள். கப்டனுக்கு அவள் வைத்த மீன்குழம்பு பிடித்துப்போய், பத்தாம் நாள் புழக்கடைச் சுவரைத் தாண்டிப் பின்புறமாக முன்னேறியபோது அவர் முகம் வாடியிருந்ததை எல்லோரும் கவனித்தார்கள். சன்னம் சுவரில் போட்டுவிட்டுப் போன துளையைப் பொன்னுத்தங்கம் பூசவே விடவில்லை. அதன் வழியாக விசுவலிங்கத்தின் கிணற்றடி நன்றாகத் தெரிந்தது.

இந்தப் பக்கம் இப்படி நாள் போக, அந்தப் பக்கம் நீதிமன்றத்தில் தவணை போனது. முதல் தவணையில், கொலை என்று குற்றப்பத்திரிகை இருக்கிறது, கொலையுண்டவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஆகவே விசாரிக்க முடியாது என்றார் நீதவான். அப்படியானால் கொலை முயற்சி என்று மாற்றுங்கள் என்றால், முயற்சி இன்னும் முடியவில்லையே, முடியாத முயற்சியை எப்படி விசாரிப்பது என்றார். இரண்டாம் தவணைக்குக் கப்டன் எழுதிக் கொடுத்த கடிதத்தை, ஆள் நேரில் வராத சாட்சியம் செல்லாது என்று தள்ளினார். ஆள் நேரில் வந்தால் சன்னமும் நீதிமன்றத்துக்கு வரும் என்றதும் மூன்றாம் தவணை கொடுத்தார். சன்னத்தை விட மெதுவாக இந்த உலகத்தில் ஒன்று இருக்கிறது என்று தவமலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு பஸ் மாறிப் போய், குலசேகரத்தைத் தூரத்தில் பார்த்து, இன்னும் நூற்று இருபது முழம், இன்னும் எண்பது முழம் என்று விரலால் காட்டிவிட்டுத் திரும்புவாள். அவர் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மெலிந்திருப்பார். ஐந்தாம் தவணையில் நீதவான் மனம் இரங்கி, நீதிமன்றமே சாட்சியிடம் வரும் என்று தீர்ப்பாகச் சொன்னார். திகதி கார்த்திகை பிற்பாதியில் விழுந்தது. தவமலர் பஸ்ஸிலேயே விரல் மடித்து எண்ணினாள். கடல் வந்து பத்தொன்பது நாளைக்குப் பிறகுதான் நீதவான் வருகிறார்.

குசினிக்குப் பின்னால் இருந்து கடல் வரைக்கும் சன்னத்தின் பாதை விசுவலிங்கத்துக்கும் பொன்னுத்தங்கத்துக்கும் நடுவில் கிடந்த அந்தப் பன்னிரண்டு அங்குலத்தின் மேலேயே போனது. வேலியைப் பிரித்துப் பிரித்துச் சாவடி போக, சன்னம் கடந்த பிறகு வேலியைத் திரும்ப அடைக்க ஆள் இல்லாமல், தவமலரே குழி தோண்டுகிற அலவாங்கைக் கையில் எடுத்தாள். இரண்டு வீட்டாரும் இரண்டு பக்கம் நின்று கொஞ்சம் அங்காலே, கொஞ்சம் இங்காலே என்றார்கள். அவள் ஒரு பக்கத்துச் சொல்லையும் காதில் போடவில்லை. ஐப்பசி முடிவில் ஒரு காலை, கப்டனின் சப்பாத்துக் குதி ஈரமானது. திரும்பிப் பார்த்தார். நிலம் முடிந்துவிட்டது.

கடல் என்னவோ முழங்கால் அளவு பரவைக்கடல்தான், வெகுதூரம் நடந்தே போகலாம். ஆனால் கடல் கடற்படைக்குச் சொந்தம், காலாட்படை அதிகாரி அனுமதி இல்லாமல் அதற்குள் கால் வைக்கக்கூடாது, அனுமதி கேட்டிருக்கிறோம், மூன்று மாதத்தில் வரும் என்று தலைமையகம் சொன்னது. கப்டன் கரையில் நின்றார். ஒரு முழத்துக்கு அப்பால் சன்னம் நின்றது, நின்றதென்ன, வந்துகொண்டிருந்தது. மிச்சம் ஒரு நாள்.

தவமலர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தன் வளவுக்குப் போய், பூசணிக்கொடி நின்ற இடத்தில் மண்ணை வெட்டி, கடகத்தில் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு வந்து, கப்டனின் குதிக்குப் பின்னால் கடலுக்குள் கொட்டினாள். திரும்பப் போனாள், திரும்பக் கொட்டினாள். நிலமாக இருந்தால் காலாட்படைக்குச் சொந்தம், அவ்வளவுதானே. பத்தாவது கடகத்தில் பொன்னுத்தங்கம் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். பதினோராவது கடகத்தில் அவளும் ஒரு கடகம் கொண்டுவந்தாள். பொழுது சாய்வதற்குள் ஊரே வரிசையில் நின்றது. நாலு விரல் மண்ணுக்குத் தமையனை வெட்டப்போனவன் இரண்டு வண்டி மண் ஏற்றி வந்தான். பெட்டைப்பிள்ளைக்குச் சீதனம் என்று வைத்திருந்த காணியில் இருந்து ஒருவர் குழிதோண்டி எடுத்து வந்தார். செம்மண், இருவாட்டி, கலட்டிச் சல்லி, எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கடலில் விழுந்தன. விசுவலிங்கமும் பொன்னுத்தங்கமும் நாலு நாள் நீ உன் பக்கத்தில் வெட்டு, நீ உன் பக்கத்தில் வெட்டு என்று நின்றுவிட்டு, ஐந்தாம் நாள் ஒரு கதை பேசாமல் அந்தப் பன்னிரண்டு அங்குலத்தையே ஆளுக்கொரு முனையில் இருந்து வெட்டத் தொடங்கினார்கள். எழுபது வருட வழக்கு மூன்று நாளில் கடலுக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போதும் ஒரு வாய்க்கால்தான் இருக்கிறது.

நாளுக்கு ஒரு முழம் நிலம் கடலுக்குள் வளர்ந்தது. பதினேழாம் நாள் பெய்த மழை ஒரு சாண் மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. அதை மட்டும் ஊரால் திருப்பிப் பிடிக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நாள் விடிந்தபோது சன்னத்துக்கும் கப்டனுக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம்.

நீதவான் ஒன்பது மணிக்கு வந்தார், அவருக்கு மேசையும் குடையும் போட்டார்கள். அளந்தபோது ஏழு அங்குலம். மேலும் ஒரு கடகம் மண் கொட்டப் போனவர்களை அவர் தடுத்தார். முந்தின நாள் மாலையில் நில அளவையாளர் கையெழுத்திட்ட படத்தில் உள்ளதுதான் நிலம், இன்றைக்குக் கொட்டுவது கடல், கடலில் நின்று சொல்கிற சாட்சியம் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது. சரி, தொடங்கலாம் என்றால், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இல்லாமல் தொடங்க முடியாது. எதிரியை ஏற்றிவந்த வான் வழியில் பதினேழு சாவடிகளில் நிறுத்தப்பட்டு, ஒவ்வொன்றிலும் குலசேகரத்தின் அடையாள அட்டையைக் கேட்டு, அந்த அட்டை வழக்குப் பொருளாக நீதவானின் பெட்டிக்குள் இருக்கிறது என்று விளக்கி, இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. கைவிலங்கோடு இறங்கிய குலசேகரம் முதலில் காலடியில் இருந்த மண்ணைத்தான் பார்த்தார். ஊரில் எந்த வளவு மண் எந்த நிறம் என்று அவருக்குத் தெரியும். முழம் முழமாக அதைப் பார்த்துக்கொண்டு வந்தவர், பன்னிரண்டு அங்குலத்து மண்ணைக் கண்டதும் நின்று, விசுவலிங்கத்தையும் பொன்னுத்தங்கத்தையும் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

கப்டன் சொன்ன சாட்சியம் இரண்டு வசனம். இந்த ஆள் எனக்கு முன்னால் அட்டையைக் காட்டிக்கொண்டு நின்றார். வெடி இவருக்குப் பின்னால் பனங்கூடலில் இருந்து வந்தது. ஆனால் அது சிங்களத்தில் சொல்லப்பட்டு, தமிழில் பெயர்க்கப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதியது சரிதானா என்று திரும்பச் சிங்களத்தில் வாசித்துக் காட்டப்படவேண்டும். மொழிபெயர்ப்பாளர் இலக்கண சுத்தமான மனிதர். பனங்கூடலுக்குச் சரியான சொல் கிடைக்காமல் கால் மணி நேரம் யோசித்தார். யுத்தத்தில் கார்பன் தாள் கண்ணால் காணக் கிடைக்காது. மூன்று பிரதியையும் எழுதுவினைஞர் கையாலேயே எழுதவேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் சாட்சி கையெழுத்திடவேண்டும். நாலு மணிக்குத் தவமலர் கயிற்றை விட்டுவிட்டு விரலால் அளந்தாள். இரண்டு அங்குலம்கூட இல்லை. முதல் பிரதிதான் முடிந்திருந்தது.

மண்ணின் முனையில் வள்ளம் ஒன்று கட்டியிருந்தது. கடற்படைக்கு யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்று ஊரார் முந்தின நாளே கொண்டுவந்து வைத்தது. ஏறினால் நேர் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் சாட்சி இடத்தை விட்டு அசைந்தால் சாட்சியம் முறியும், அடுத்த தவணை பங்குனியில் என்று நீதவான் காலையிலேயே சொல்லிவிட்டார். தவமலர் புருஷனைப் பார்த்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றார். அவரை இன்னும் நாலு மாதம் அங்கே விட்டால் திரும்பி வருவாரோ என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் கப்டனின் காதுக்குக் கிட்டப் போனாள்.

"தம்பி, நிண்டது காணும். வள்ளத்திலை ஏறுங்கோ. பங்குனித் தவணைக்குப் பாப்பம்."

கப்டன் வள்ளத்தைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டிருந்த பேனாவைப் பார்த்தார்.

"அக்கா, ஒன்பது மாசம் பின்னுக்குத்தானே நடந்தன். இண்டைக்கு அப்பா வரம்பிலை நிண்ட மாதிரி நிக்கிறன். நீங்கள் அளவை மட்டும் சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். ஒன்றரை அங்குலம். ஒன்று. முக்கால். அளவைக் கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை. ஊர் முழுக்கக் கடலோரத்தில் நின்றது. எழுதுவினைஞரின் நெற்றி வியர்வை தாளில் விழுந்து ஒரு பக்கம் கெட்டுப்போய் அதைத் திரும்ப எழுதினார். சூரியன் தண்ணீரைத் தொட்டபோது மூன்றாம் பிரதியின் கடைசிப் பக்கத்தைக் கப்டனின் கையில் கொடுத்தார்கள். சன்னம் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டது. கப்டன் பெயரை முழுதாக, ஒரு எழுத்தும் குறையாமல் எழுதினார். நீதவான் விடுதலை என்ற சொல்லை மூன்று மொழியிலும் சொல்லவைத்தார். அப்போதுதான் சன்னம், பலநாள் பழகிய வீட்டுக்குள் போகிற ஆளைப் போல, தட்டாமல் உள்ளே போனது.

கப்டன் மண்ணில் உட்கார்ந்தார். தவமலர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவர் கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒன்பது மாதமாகக் காலையில் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"அக்கா, எவ்வளவு?"

வாழ்க்கையில் ஒரு அளவைக்கூடப் பொய்யாகச் சொல்லாத தவமலர் கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு முழம் இருக்கு, தம்பி. நிறைய இருக்கு."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஆட்டவில்லை.

சுற்றிவளைப்பு வரும் என்று ஊர் இரண்டு நாள் சட்டி பானையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது. வரவில்லை. கப்டன் இறந்த இடம் ஆமியின் பழைய வரைபடத்தில் கடல், கடல் காலாட்படையின் பொறுப்பில் இல்லை. கடற்படையிடம் அப்படி ஒரு கப்டனுக்குக் கோப்பே இல்லை. இயக்கத்தின் அறிக்கை திகதி போட்டு வந்தது, ஊரில் யாரும் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. தலைமையகம் கப்டனுக்குப் பதக்கம் கொடுத்தது: தனது காவலிடத்தை விட்டு ஓர் அடிகூடப் பின்வாங்காமல் நின்று உயிர்நீத்தவர் என்று அதில் எழுதியிருந்ததாம். பதக்கத்தை வாங்கிய தகப்பனார் அன்றைக்கும் வரம்பில்தான் நின்றிருப்பார் என்று தவமலர் நினைத்துக்கொண்டாள்.

விசுவலிங்கம் கடலுக்குள் நீட்டிய அந்த நிலத்துக்கு உறுதி எழுதினார். எங்கள் பகுதியில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கவேண்டும்; அவர் யாரையும் கேட்காமல் "கப்டன் நின்றான் வளவு" என்று எழுதி, சொந்தக்காரர் என்ற இடத்தில் ஊரின் எல்லாக் குடும்பத்தின் பெயரையும் எழுதி, இடம் போதாமல் தாளின் பின்புறத்திலும் எழுதினார். குலசேகரம் வீட்டுக்கு வந்து ஒரு கிழமை படுத்தே கிடந்தார். எட்டாம் நாள் எழும்பி, நல்ல கிளுவைக் கதியால் ஒன்று தேடி வெட்டி, தவமலர் கயிறு பிடிக்க, கப்டன் உட்கார்ந்த இடத்தில் நட்டார்.

கதியால் வேர்விட்டுத் துளிர்த்து இப்போது மரமாக நிற்கிறது. கலட்டிமுனையில் வேலிகள் பழையபடி நகரத் தொடங்கிவிட்டன, அண்ணன் தம்பி பழையபடி முகம் பார்ப்பதில்லை, வழக்குகள் பழையபடி நடக்கின்றன. தவமலர் மட்டும் ஒவ்வொரு மாசி வியாழனும் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் இருந்து அந்தக் கிளுவை வரைக்கும் அளந்து பார்க்கிறாள். ஒரு விரற்கடையும் அது நகர்ந்ததில்லை.